வழி எவருக்கு உரியது?

நம் விளையாட்டுப் பகுதிக்கு எழுதும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் ஒரு வினா விடுத்திருந்தார். அமெரிக்காவில் குடியேறிய தம் மைத்துனர் வீட்டுப் பிள்ளைகள், பழைய பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் படத்தை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பியிருந்தனராம். அதில், ஓடிவந்த ஆட்டக்காரர் தளத்தை அடையுமுன்னரே, பந்தைக் கையில் வைத்திருந்த எதிர்க்கட்சிக்காரர் அவரைத் தொட்டுவிட்டார். ஆயினும் அம்பயர் இரு கைகளையும் விரித்து, அவர் பிழைத்தார் என்று தீர்ப்புரைத்தார். அத்தீர்ப்போடு ஆட்டமும் முடிந்தது. “தொடப்பட்டவன் எங்ஙனம் பிழைப்பான்? இஃது என்ன நியாயம்?” என்று அன்பர் கேட்கிறார்.

அவர் கண்டது 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டமே ஆதல் வேண்டும். அத்தீர்ப்பு சரியான தீர்ப்பு என்பதே நம் கருத்து. அதனை விளக்கப் புகுந்தால், விளையாட்டுத் திடலில் மட்டுமன்றிப் பிற இடங்களிலும் நமக்குப் பயன்படக்கூடிய ஒரு நெறி வெளிப்படுகிறது. ஆதலின் இத்திங்கள் கிரிக்கெட்டைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுப் பேஸ்பாலைப் பார்ப்போம்.

ஆட்டத்தின் அமைப்பு

பேஸ்பாலைக் கண்டறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள். திடலில் ஒரு சதுரம் உண்டு. அதன் ஒவ்வொரு பக்கமும் 90 அடி. நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். மட்டைக்காரர் வீட்டுத்தளத்தில் நின்று பந்தை அடிக்கிறார். அடித்தபின் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் எனச் சுற்றி ஓடி, மீண்டும் வீட்டுத்தளத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். அவர் அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தாலும், அவருக்கு முன்னரே பந்து முதல் தளத்தை அடைந்தாலும், தளத்தில் இல்லாத வேளையில் பந்தோடு அவரைத் தொட்டாலும் அவர் அவுட். மூவர் அவுட்டானதும் மறு கட்சி மட்டை பிடிக்கும்.

கிரிக்கெட்டில் ஓடுபவர்கள் பிட்சின் ஓரமாக 22 கஜத் தொலைவுக்குள் போய்வருகின்றனர். பீல்டர்கள் பெரும்பாலும் அவ்வழிக்கு அப்பால் நிற்பர். பேஸ்பாலில் நிலைமை வேறு. ஓடுபவர் செல்லும் வழியிலேயேதான் உட்களத்துப் பீல்டர்கள் நின்று பந்தைத் தடுக்க வேண்டும். ஒருவருக்கு அது பாதை, மற்றவருக்கு அதுவே பணியிடம். இருவரும் ஒரே நொடியில், ஒரே இடத்திற்கு, முழு வேகத்தோடு வருகின்றனர். மோதல் நேராமல் இருந்தால்தான் வியப்பு.

இம்மோதல்களைப் பேஸ்பால் விதிநூல் இரு பெயர்களால் பிரிக்கிறது. மட்டை பிடிக்கும் கட்சியினர், பந்தை ஆளவரும் பீல்டருக்கு இடையூறு செய்தால் அது குறுக்கீடு. அங்கே ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்பர். பீல்டர், ஓடுபவருக்கு இடையூறு செய்தால் அது வழிமறிப்பு. அதனை ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பர். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இரு விதிகள். ஒரே மோதலில் எவர் மீது குற்றம் என்பதை அம்பயர் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டும்.

லைன் கிளியர்

எங்ஙனம் தீர்மானிப்பது? விதிநூல் முதலில் ‘யார் யாரை இடித்தார்?’ என்று கேட்பதில்லை. ‘அந்நொடியில் அவ்விடம் எவருக்கு உரியது?’ என்றே கேட்கிறது.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது புதியதன்று. ஒற்றைப் பாதையில், இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில், ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கே லைன் கிளியர் உண்டு. அது மெயிலாக இருக்கலாம், கூட்ஸ் வண்டியாகவும் இருக்கலாம். லைன் கிளியர் பெற்ற வண்டிக்கே பாதை உரியது. பெறாத வண்டி அப்பகுதியில் நுழைந்துவிட்டால், ‘டிரைவர் நல்லவர், தீய எண்ணம் இல்லாதவர்’ என்ற சான்று எவ்வகையிலும் உதவாது. பேஸ்பால் விதியும் இத்தகைய லைன் கிளியர் முறையே. பந்து எங்கே இருக்கிறது, எவ்வகையில் வருகிறது என்பதைப் பொறுத்து, இடத்தின் உரிமை நொடிக்கு நொடி கை மாறுகிறது.

முதலாவது, மட்டையால் அடிக்கப்பட்டு வரும் பந்து. இதனை எடுக்க முயலும் பீல்டருக்கே வழி உரியது. ஓடுபவர் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அல்லது நின்று போகவேண்டும். ஒதுங்கத் தவறி மோதினால் அவர் அவுட். வேண்டுமென்று மோதினாரா, தெரியாமல் மோதினாரா என்ற கேள்வியே இங்கு இல்லை. ஆனால் இச்சலுகை ஒரு பீல்டருக்கு மட்டுமே. இருவர் பந்தை நோக்கி வந்தால், எவர் எடுக்கக்கூடும் என்று அம்பயர் கருதுகிறாரோ அவருக்கே பாதுகாப்பு. மற்றவர் ஓடுபவரின் வழியில் நின்றால் குற்றம் அவருடையதாகும்.

இரண்டாவது, ஒரு பீல்டர் மற்றொரு பீல்டருக்கு எறியும் பந்து. இங்கே ஓடுபவர் தம் வழியில் ஓட உரிமை உடையவர். எறியப்பட்ட பந்து அவர் முதுகில் பட்டுச் சிதறினாலும் பொதுவாக அவர்மீது பழி இல்லை. அவர் வேண்டுமென்றே பந்தைத் தடுத்திருந்தால் மட்டுமே குறுக்கீடு.

மூன்றாவது, பந்தும் கையில் இல்லாமல், பந்தை எடுக்கும் செயலிலும் ஈடுபடாமல் இருக்கும் பீல்டர். இவருக்கு ஓடுபவரின் வழியில் எவ்வுரிமையும் கிடையாது. நின்றாலும் குற்றம், கிடந்தாலும் குற்றம். இங்கும் உள்ளக்கருத்து கேட்கப்படுவதில்லை.

ஆக, மூன்றில் இரண்டு இடங்களில் நோக்கம் என்ன என்பதை விதி கேட்பதே இல்லை. ஓரிடத்தில் மட்டும் அதுவே முழு வழக்கும் ஆகிவிடுகிறது. பார்ப்பவர் பெரும்பாலோர் கூச்சலிடுவது இவ்வேறுபாட்டை அறியாமையினாலேயே.

செயின்ட் லூயிஸ் தீர்ப்பு

இப்பொழுது அன்பரின் வினாவிற்கு வருவோம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கட்சியும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கட்சியும் 4-4 என்று சமநிலையில் இருந்தன. ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதி. கார்டினல்ஸ் மட்டை பிடிக்கிறது. ஒருவர் அவுட். மூன்றாம் தளத்தில் யாடியர் மொலினா, இரண்டாம் தளத்தில் ஆலன் கிரெய்க். மட்டைக்காரர் தரையோடு அடித்த பந்தை டஸ்டின் பெட்ரோயா பாய்ந்து தடுத்து வீட்டுத்தளத்திற்கு எறிந்தார். மொலினா அவுட். அங்கிருந்த கேட்சர் சால்டலமாக்கியா, கிரெய்க்கையும் வீழ்த்திவிடலாம் என்று உடனே மூன்றாம் தளத்திற்கு எறிந்தார். அப்பந்து மூன்றாம் தளத்துப் பீல்டர் வில் மிடில்புரூக்ஸின் கைக்கு எட்டாமல் கடந்து சென்றுவிட்டது. பந்துக்காகப் பாய்ந்த அவர் தரையில் விழுந்து கிடந்தார். தளத்தை அடைந்திருந்த கிரெய்க் எழுந்து வீட்டுத்தளம் நோக்கி ஓடத் தொடங்கியவர், கிடந்தவர்மீது தடுக்கி விழுந்தார். மீண்டும் எழுந்து தட்டுத்தடுமாறி ஓடினார். அதற்குள் இடப்பக்கத்து வெளிக்களத்திலிருந்து பந்து வந்து சேர, கேட்சர் அவரைத் தொட்டுவிட்டார்.

தொட்டது மெய். ஆனால் மூன்றாம் தளத்து அம்பயர் ஜிம் ஜாய்ஸ், தடுக்கி விழுந்த நொடியிலேயே வழிமறிப்பு என்று கைகாட்டிவிட்டார். வீட்டுத்தளத்து அம்பயர் டானா டிமுத் அதனைக் கொண்டு கிரெய்க் பிழைத்தார் என்று முடிவு கூறினார். கார்டினல்ஸ் 5-4 என்று வென்றது. உலகத் தொடரில் ஓர் ஆட்டம் வழிமறிப்புத் தீர்ப்பால் முடிந்தது அதுவே முதன்முறை.

பாஸ்டன் தரப்பினர் கொதித்தெழுந்தனர். ‘விழுந்து கிடந்தவன் என்ன செய்வான்? எழுந்து ஒதுங்கவும் நேரம் கொடுக்கவில்லையே!’ என்றனர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் விதிநூல் இந்நிலையை ஏறத்தாழ அப்படியே உதாரணமாகக் கூறியிருக்கிறது. தரைப்பந்துக்காகப் பாய்ந்த பீல்டர், பந்து தம்மைக் கடந்தபின்னும் தரையில் கிடந்து ஓடுபவரைத் தாமதப்படுத்தினால், அவர் வழிமறித்தவராகவே கொள்ளப்படக்கூடும் என்பது அங்குள்ள விளக்கம். பந்து கடந்த கணமே மிடில்புரூக்ஸின் லைன் கிளியர் தீர்ந்துவிட்டது. அவர் கெட்டவர் அல்லர். கால் இடறச் செய்ய வேண்டும் என்று எண்ணினார் என எவரும் மெய்ப்பிக்கவும் தேவையில்லை. வழி அவருடையது அன்று, அவ்வளவே.

கெடுதலை நீக்குவதே நோக்கம்

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஜாய்ஸ் கைகாட்டினாரேயன்றி ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஏன்?

வழிமறிப்பு இரு வகைப்படும். மறிக்கப்பட்ட ஓட்டக்காரரை வீழ்த்தும் முயற்சி அவ்வேளையிலேயே நடந்துகொண்டிருந்தால், பந்து உடனே செத்த பந்தாகிவிடும். ஓட்டக்காரருக்குக் குறைந்தது ஒரு தளம் மேலதிகமாகக் கிடைக்கும். அத்தகைய முயற்சி நடவாத வேளையில் மறிப்பு நேர்ந்தால், ஆட்டம் தொடரவிடப்படும். எல்லாம் ஓய்ந்தபின் அம்பயர் நிறுத்தி, அம்மறிப்பினால் விளைந்த கெடுதல் யாதோ அதனை மட்டும் நீக்குவார். மறிப்பு நிகழ்ந்திராவிட்டால் ஓட்டக்காரர் எங்கே சென்று சேர்ந்திருப்பார் என்று மனத்திற்குள் ஓர் ஆட்டத்தை ஆடிப்பார்த்து, அந்தத் தளத்தை அவருக்கு அளிப்பார். கிரெய்க் தடுக்கி விழுந்தும்கூட, கேட்சர் அவரைத் தொட்டது வீட்டுத்தளத்தின் அருகிலேயே. விழாதிருந்தால் எளிதில் ஓட்டம் எடுத்திருப்பார் என்பது தெளிவு. ஆகவே ஓட்டம் அளிக்கப்பட்டது.

மிடில்புரூக்ஸ் வெளியேற்றப்படவில்லை, எச்சரிக்கப்படவும் இல்லை. தீர்ப்பின் வேலை மறித்தவரைத் தண்டிப்பது அன்று, இழந்தவருக்கு இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது. பாஸ்டன் கட்சியும் அத்தோல்வியால் துவண்டுவிடவில்லை. அத்தொடரை 4-2 என்று வென்றது அக்கட்சியே.

தந்திரங்களும் விதிகளும்

நோக்கம் கேட்கப்படும் இடத்தில் அம்பயரின் பாடு பெரும்பாடு. 1957-ஆம் ஆண்டு ஏப்ரலில் சின்சின்னாட்டி கட்சியின் டான் ஹோக் என்பவர் ஒரு வேடிக்கை செய்தார். அவர் இரண்டாம் தளத்தில் இருக்கையில், அடிபட்ட பந்து அவரை நோக்கித் தரையோடு உருண்டு வந்தது. எதிரி எடுத்தால் இருவர் அவுட்டாவது உறுதி. ஹோக் என்ன செய்தார் தெரியுமா? தாமே குனிந்து பந்தை எடுத்து, எதிர்க்கட்சிப் பீல்டருக்கு மெல்லத் தூக்கிப் போட்டார்! அடிபட்ட பந்து பட்டதால் அவர் அவுட். ஆனால் அன்றிருந்த விதிப்படி அவர் ஒருவர் மட்டுமே அவுட். மட்டைக்காரர் முதல் தளத்தில் பிழைத்து நின்றார். இருவரை இழக்க வேண்டியவர் ஒருவரோடு தப்பினார். சில நாட்களுக்குள்ளாகவே விதி திருத்தப்பட்டது. இரட்டை அவுட்டைக் கெடுக்கும் கருத்தோடு வேண்டுமென்றே குறுக்கிட்டால் இருவரும் அவுட் என்று ஆயிற்று.

1978-ஆம் ஆண்டு உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் கட்சியின் ரெஜி ஜாக்சன் முதல் தளத்திற்கும் இரண்டாம் தளத்திற்கும் இடையே நின்றிருந்தார். இரண்டாம் தளத்தில் அவரை அவுட்டாக்கிய பில் ரஸ்ஸல், மற்றவரையும் வீழ்த்த முதல் தளத்திற்குப் பந்தை எறிந்தார். பந்து ஜாக்சனின் இடுப்பில் பட்டுத் தெறித்தது; அதற்குள் ஓர் ஓட்டம் சேர்ந்துவிட்டது. இடுப்பைச் சற்றே வளைத்துப் பந்தின் முன் நீட்டினார் என்று எதிர்க்கட்சியான டாட்ஜர்ஸ் முறையிட்டது. எறியப்பட்ட பந்தாதலின் நோக்கம் ஒன்றே கேள்வி. நோக்கத்தை அம்பயர்கள் காணவில்லை. குறுக்கீடு இல்லை என்றனர். யாங்கீஸ் 4-3 என்று பத்தாவது இன்னிங்ஸில் வென்றது. அந்த இடுப்பைப் பற்றிய விவாதம் பின்னரும் ஓயவில்லை.

2004-ஆம் ஆண்டில் ஐயத்திற்கு இடமில்லாத ஒன்று நடந்தது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் யாங்கீஸின் அலெக்ஸ் ராட்ரிகஸ் முதல் தளம் நோக்கி ஓடினார். பாஸ்டன் பிட்சர் பிரான்சன் அரோயோ பந்தோடு தொட வந்தபோது, ராட்ரிகஸ் கையால் அவருடைய கையுறையைத் தட்டிவிட்டார். பந்து உருண்டோட, தளத்திலிருந்த டெரக் ஜீட்டர் வீட்டுத்தளம் வரை ஓடி ஓட்டமும் எடுத்துவிட்டார். முதலில் பிழைத்தார் என்றே கூறப்பட்டது. பின்னர் அம்பயர்கள் ஒன்றுகூடிப் பேசி, குறுக்கீடு என்று மாற்றினர். ராட்ரிகஸ் அவுட், ஜீட்டர் மீண்டும் முதல் தளத்திற்கே அனுப்பப்பட்டார். பாஸ்டன் அவ்வாட்டத்தை 4-2 என்று வென்றது. அத்தொடரையும் வென்று, 1918-க்குப் பின் முதன்முறையாக உலகத் தொடரையும் கைப்பற்றியது. கூட்டம் கூச்சலிடுகையில், கூறிய தீர்ப்பைக் கலந்து பேசித் திருத்திய அம்பயர்களின் துணிவைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது.

இருவருக்கும் உரிமை இருந்தால்?

விதி எத்துணைத் தெளிவாக இருப்பினும் இடுக்கான இடங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது வீட்டுத்தளத்தின் முன்னுள்ள சில அடி நிலம். மட்டைக்காரர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடத் தொடங்குகிறார். அதே பந்தை எடுக்கக் கேட்சர் முன்னே பாய்கிறார். மட்டைக்காரர் புறப்பட்டே ஆகவேண்டும். கேட்சர் வந்தே ஆகவேண்டும்.

1975-ஆம் ஆண்டு உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம் இவ்விடுக்கில் சிக்கியது. பத்தாவது இன்னிங்ஸில் சின்சின்னாட்டி கட்சியின் எட் ஆம்பிரிஸ்டர் பந்தைத் தட்டினார். பாஸ்டன் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க் அதனை எடுக்க வர, இருவரும் மோதிக்கொண்டனர். ஃபிஸ்க் பந்தை எடுத்து இரண்டாம் தளத்திற்கு எறிந்தார். அது தவறி வெளிக்களத்திற்குச் சென்றது. ஓடியவர்கள் முன்னேறினர்; சற்று நேரத்தில் சின்சின்னாட்டி 6-5 என்று வென்றது. குறுக்கீடு என்று பாஸ்டன் அலறியது. வீட்டுத்தளத்து அம்பயர் லாரி பார்னெட் அசையவில்லை. இன்றைய விதிநூலின் விளக்கமும் அவர் கொண்ட கருத்தையே கூறுகிறது: இத்தகைய இடத்தில் கேட்சரும் மட்டைக்காரரும் மோதிக்கொண்டால், பொதுவாகக் குற்றம் எதுவும் இல்லை, எதுவும் கூறவேண்டுவதும் இல்லை. இருவருக்கும் உரிமை உள்ள இடத்தில் இருவரும் குற்றமற்றவரே.

அத்தீர்ப்புக்காகப் பார்னெட்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன என்பது வெட்கத்திற்குரிய செய்தி. கண்முன் நிகழ்ந்ததைத் தம் அறிவுக்கு எட்டியவாறு சொன்ன ஒருவருக்கு இத்தண்டனையா?

சில வேளைகளில் திடலின் காயங்களே புது விதி வகுத்தன. 2011-இல் வீட்டுத்தளத்தில் நேர்ந்த மோதலில் சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போசியின் கால் எலும்பு முறிந்தது. 2014 முதல், ஓடுபவர் தம் வழியை விட்டு விலகிக் கேட்சர்மீது பாய்தல் கூடாது, பந்து கையில் இல்லாத கேட்சர் ஓடுபவரின் வழியை அடைத்தலும் கூடாது என்று விதி எழுந்தது. 2015-இல் இரண்டாம் தளத்தில் சேஸ் அட்லி சறுக்கிப் பாய்ந்ததில் ரூபன் டெஹாடாவின் கால் முறிந்தது. மறு ஆண்டே சறுக்குவதற்கும் வரம்பு வந்தது. 2019-ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், முதல் தளத்திற்கு ஓடிய டிரே டர்னர் உரிய ஓடுவழிக்குள் ஓடவில்லை என்று அவுட் கொடுக்கப்பட்டார். வாஷிங்டன் கட்சியின் மேலாளர் கோபம் தாளாமல் வாதிட்டு வெளியேற்றப்பட்டார். அன்றிருந்த விதிக்கு அத்தீர்ப்பு பொருந்தும். ஆனால் அவ்விதி ஓடுபவருக்கு நெருக்கடியானது. 2024-இல் அவ்வழி அகலமாக்கப்பட்டது.

கிரிக்கெட்டில்

நம் கிரிக்கெட்டில் இதற்கு இணையானது, பீல்டிங் செய்யும் கட்சிக்கு இடையூறு செய்தல் என்னும் 37-ஆம் விதி. ஆனால் அங்கே ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லே உயிர்நாடி. தற்செயலாகவோ, காயத்தைத் தவிர்க்கவோ இடையூறு நேர்ந்தால் அவுட் இல்லை. டெஸ்ட் ஆட்டங்களில் முதன்முதல் இவ்வாறு அவுட்டானவர் இங்கிலாந்தின் லென் ஹட்டன். 1951-இல், ஓவல் திடலில், தென்னாப்பிரிக்காவிற்கு எதிராக. மேலெழும்பிய பந்து கட்டையில் விழாதவாறு மட்டையால் தட்டப் போனார். அதனால் விக்கெட் கீப்பர் பிடிக்க இருந்த கேட்ச் கெட்டது. 2006-இல் பெஷாவரில் சுரேஷ் ரெய்னா எறிந்த பந்தை, எல்லைக்கு வெளியே நின்றவாறு மட்டையால் தடுத்த இன்சமாம்-உல்-ஹக் அவுட்டானதை நம் நேயர் பலர் நினைவுகூர்வர். 2024 மே மாதம் சேப்பாக்கத்தில், திரும்பி ஓடும்போது வழிமாறிப் பந்தின் குறுக்கே வந்தார் என்று ரவீந்திர ஜடேஜாவுக்கு மூன்றாம் அம்பயர் அவுட் கொடுத்ததும் பழைய செய்தியன்று.

கிரிக்கெட் அம்பயர் உள்ளத்தை ஆராய வேண்டியிருக்கிறது. பேஸ்பால் அம்பயருக்குப் பெரும்பாலான இடங்களில் அத்தொல்லை இல்லை. அவர் காலடியையும் பந்தையும் பார்த்தால் போதும். எது மேல் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் ஊர்க் கிளித்தட்டில் மறிப்பதே ஆட்டம். ஆயினும் மறிப்பவன் தன் கோட்டை விட்டு அகலக் கூடாது. அங்கும் உள்ளத்தை எவரும் கேட்பதில்லை, கோட்டையே கேட்கின்றனர்.

நம் திடல்களுக்கு

இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. நாம் பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்பவர்கள். நம் காலனித் திடல்களில் மராத்தியர், வங்காளியர், பஞ்சாபியர், பீகாரியர், தெலுங்கர் எனப் பல வீட்டுப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் கலந்து ஆடுகின்றனர். அது பெரும்பேறு. ஆனால் ஓடும் வழியில் ஒரு பையன் நின்றுவிட்டால், ‘வேண்டுமென்றே நின்றான்’ என்று ஒரு பக்கம் எழுகிறது. ‘எங்கள் பையனைக் கள்ளன் என்கிறாயா?’ என்று மறுபக்கம் எழுகிறது. பந்தைப் பற்றிய பேச்சு பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றியதாகி, பிறகு அவன் வீட்டையும் அவன் பேசும் மொழியையும் பற்றியதாகிவிடுகிறது. மாலையில் கூடியாடிய பிள்ளைகள் மறுநாள் தனித்தனிக் கூட்டமாக நிற்கின்றனர்.

ஆகவே சங்கத்தின் விளையாட்டு விழாக்களிலும் விடுமுறை ஆட்டங்களிலும் அம்பயராக நிற்கும் பெரியோர்களுக்கு நாம் கூறுவது இது. கிரிக்கெட் பந்தயமாயின் அதன் விதிப்படியே தீர்ப்புரையுங்கள். பிள்ளைகள் தாமே விதி வகுத்துக்கொண்டு ஆடும் ஆட்டங்களில் பேஸ்பால் நெறியைக் கைக்கொள்ளலாம். மோதல் நேர்ந்ததும் முதலில், அந்நொடியில் பந்து எங்கிருந்தது, வழி எவருக்கு உரியது என்று பாருங்கள். அடுத்து, அம்மோதல் நேராதிருந்தால் ஓடிய பிள்ளை எங்கே சென்றிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அவன் இழந்ததைத் திருப்பிக் கொடுங்கள். ‘நீ ஏன் மறித்தாய்?’ என்ற வினாவை, மறித்தது வேண்டுமென்றுதான் என்று ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தாலன்றி எழுப்பாதீர்கள். ‘தம்பி, நீ தவறு செய்ய நினைக்கவில்லை, ஆனால் வழி அவனுடையது’ என்று ஒரு சொல் சேர்த்துக் கூறினால் சண்டைக்கு இடமே இராது.

அம்பயர் தவறுவதே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. 2013-இல் கைகாட்டிய ஜிம் ஜாய்ஸே, 2010 ஜூன் 2-ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் முதல் தளத்தில் ஒரு பெருந்தவறு செய்தவர். இருபத்தாறு பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்த அர்மாண்டோ கலராகா என்ற பிட்சருக்குக் கிடைக்க வேண்டிய இறுதி அவுட்டை அவர் மறுத்துவிட்டார். ஒருவரையும் தளமேறவிடாத அரிய பெருமை பிட்சரின் கைநழுவிப் போயிற்று. படத்தைப் பார்த்ததும் ஜாய்ஸ் தம் தவற்றை ஊரறிய ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆட்டக்காரர் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாவே. ஜாய்ஸின் கண்கள் கலங்கின. மூன்றாண்டுகள் கழித்து, அரங்கமே எதிர்நோக்கி நின்ற நொடியில், அஞ்சாமல் வழிமறிப்பு என்று கைநீட்டியவரும் அவரே.

அன்பரின் வினாவிற்கு விடை இதுவே. தொடப்பட்டவர் பிழைத்தது, வழி அவருக்கு உரியதாக இருந்தமையால். பந்தயங்களைக் காணும்போது நேயர்களுக்கு இத்தகைய ஐயங்கள் எழுந்தால் எழுதலாம். இயன்றவரை விளக்க முயல்வோம். அடுத்த திங்கள் கபடியில் எல்லைக்கோட்டைப் பற்றிய தகராறுகளைக் காண்போம்.